வேற ஒருத்தன் பேர்ல 21 கிலோமீட்டர்

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டே இருந்தேன். எழுதினா நான் பண்ணின தப்பை நானே ஊரறிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், எழுதலைன்னா ஓடுற பழக்கம் இருக்கவங்க யாராவது "அந்த பெரிய ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கீங்களா"ன்னு கேக்குறப்பல்லாம் ஆமான்னும் சொல்ல முடியாம இல்லைன்னும் சொல்ல முடியாம முழிக்கணும். அந்த வருஷத்து ரிசல்ட்ல என் பேர தேடினா வராது. ஆனா 21.0975 கிலோமீட்டரையும் இந்த ரெண்டு காலால தான் ஓடினேன், இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துச்சு, அது யார் பேர்லயும் விழல, என்னோடது தான்.

விஷயம் சாதாரணமானது. நண்பன் ஒருத்தன் பதிவு ஆரம்பிச்ச அன்னைக்கே இடம் பிடிச்சு வச்சிருந்தான், எனக்கு கிடைக்கல. ரேஸுக்கு மூணு வாரம் இருக்கப்ப அவனுக்கு கெண்டைக்கால் தசை கிழிஞ்சு போச்சு. "சும்மா வீணா தானே போகுது, நீ ஓடுடா"ன்னு கவர அப்படியே என் கைல கொடுத்துட்டான். உள்ள ஒரு பிப் (பனியன் மேல குத்திக்கிற நம்பர் தாள்), நாலு ஊக்கு, பைல மாட்ட ஒரு டேக். பிப்ல நம்பருக்கு மேல அவன் பேர கொட்டை எழுத்துல அடிச்சிருந்தாங்க. மூணே எழுத்து. வாய்க்கு வசதியான, தூரத்துல இருந்து கத்துறதுக்குன்னே வச்ச மாதிரி ஒரு பேர் (அவன் அனுமதி தந்தாலும் அத இங்க எழுதப் போறதில்ல, ஏன்னு கடைசில புரியும்). பிப்ப அடுத்தவங்களுக்கு கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்குறது ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா இதெல்லாம் யாருக்கு நஷ்டம், எல்லாரும் பண்றது தானேன்னு ஒரு நினைப்பு. ராத்திரி ஆளில்லாத ரோட்டுல சிவப்பு விளக்க தாண்டிப் போற மாதிரி.

இன்னொண்ணும் சொல்லிடணும். அதுவரைக்கும் எனக்கு ரோட்டோரம் நின்னு கைதட்டுறவங்க மேல பெரிய மரியாதை இருந்ததில்ல. 8வது கிலோமீட்டர்ல நின்னுக்கிட்டு "இன்னும் கொஞ்ச தூரம் தான், வந்துட்டீங்க"ன்னு சொல்லுவாங்க. 13 கிலோமீட்டர் எப்படிங்க கொஞ்ச தூரம்? அதனால நான் எப்பவும் காதுல பாட்ட மாட்டிக்கிட்டு வாட்ச்ச பாத்துக்கிட்டே ஓடுற ஆளு. இந்த தடவ கிளம்புற அவசரத்துல இயர்போன சார்ஜ்லயே விட்டுட்டு வந்துட்டேன். அந்த ஒரு மறதி இல்லைன்னா இந்த பதிவே இருந்திருக்காது.

விடியறதுக்கு முன்னாடி

பெரிய நகரத்து ரேஸ் அன்னைக்கு காலைல இருக்குற அந்த இருட்டு வேற மாதிரி இருட்டு. மத்த நாள்ல அந்த நேரத்துல ரோட்டுல ஆளே இருக்க மாட்டாங்க, இன்னைக்கு நாலா பக்கமும் தெருவுல இருந்து அரை டவுசர் போட்ட ஆளுங்க ஒரே திசைல நடந்து வர்றாங்க, யாரும் யார்கிட்டயும் வழி கேக்கல, முன்னாடி போறவங்க முதுக பாத்து பின்னாடி போறாங்க. மைதானத்துக்குள்ள நுழைஞ்ச உடனே மொதல்ல வர்றது சத்தம் இல்ல, வாசனை தான். வலி தைலம். ஆயிரக்கணக்கான முழங்கால்ல ஒரே நேரத்துல தடவின தைலம். அடுத்து கழிவறை வரிசை. பிளாஸ்டிக் கழிவறைங்க நீளமா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி முப்பது பேர், எல்லாரும் வாட்ச்ச பாக்குறாங்க, எல்லாருக்கும் ஒரே பயம், வர்றது நெசமா பதட்டமான்னு அவங்களுக்கே தெரியாது. நானும் ரெண்டு தடவ நின்னேன், ரெண்டாவது தடவ ஒண்ணும் இல்ல.

மேடைல ஒருத்தர் மைக்க வச்சுக்கிட்டு கத்திக்கிட்டே இருக்கார், கூட்டத்த ஆட வைக்கிறார், பாதிப் பேர் ஆடுறாங்க, மீதி பேர் ஷூ லேஸ நாலாவது தடவையா அவுத்து கட்டுறாங்க. ஊக்கு குத்துறதுல எனக்கு எப்பவும் தகராறு, பிப் கோணலா போயிடும். பக்கத்துல நின்ன ஒருத்தர் கேக்காமலே வந்து சரி பண்ணி விட்டார், கீழ் ரெண்டு ஊக்கையும் கழட்டி, நேரா இழுத்து, மறுபடி குத்தி, பிப்ல இருந்த பேர படிச்சு, அந்த பேர சொல்லி "நல்லா ஓடுங்க"ன்னார். அன்னைக்கு மொதல் தடவையா நான் அவனா ஆனது அப்ப தான். தேங்க்ஸ்னு மட்டும் சொன்னேன். திருத்தலாம்னு தோணவே இல்ல, என்னன்னு சொல்லி திருத்துறது?

துப்பாக்கி சத்தம் கேட்டா உடனே ஓட ஆரம்பிப்பாங்கன்னு டிவில பாக்குறவங்க நினைப்பாங்க. பின்னாடி நிக்குற எங்களுக்கு சத்தம் கேக்கும், அவ்ளோ தான், அதுக்கப்புறம் ஒன்பது நிமிஷம் ஒண்ணும் நடக்காது. தேர் நகர்ற மாதிரி ரெண்டடி வைப்போம், நிப்போம், ரெண்டடி வைப்போம். இதனால யாருக்கும் நஷ்டம் கிடையாது, ஏன்னா பிப் பின்னாடி ஒட்டியிருக்க சிப், கோட்டுல விரிச்சிருக்க விரிப்ப, அதாவது மேட்ட (mat), தாண்டுற நொடில இருந்து தான் நம்ம நேரத்த எண்ண ஆரம்பிக்கும். அந்த மேட்ட நெருங்க நெருங்க கீ கீ கீன்னு விடாம ஒரு சத்தம், ஒவ்வொரு கீக்கும் ஒரு ஆள். அதுல ஒரு கீ என்னோடதுன்னு நினைச்சுக்கிட்டே தாண்டினேன். கம்ப்யூட்டருக்கு அது என்னோடது இல்ல.

மொதல் கிலோமீட்டர்ல யாரும் பேச மாட்டாங்க. காலடி சத்தம் மட்டும் தான், தகரக் கூரைல மழை பிடிச்ச மாதிரி. எத்தனையோ வருஷமா வண்டி மட்டுமே போற ரோடு அது, ஹாரன் இல்லாம அதுக்கு எப்படி ஒரு சத்தம் இருக்கும்னு அன்னைக்கு தான் கேட்டேன்.

அந்த மூணெழுத்து

3வது கிலோமீட்டர் தாண்டி ஒரு பெரிய சந்திப்பு, ரெண்டு பக்கமும் கூட்டம். பாத்திரத்த கரண்டியால தட்டுறாங்க, விசில், ட்ரம்ஸ், அட்டைல எழுதின வாசகம். அப்ப தான் முதல் தடவையா யாரோ ஒரு பொண்ணு அந்த பேர சொல்லி கத்தினா. கத்தினான்னா, நான் அவளுக்கு சொந்தக்காரன் மாதிரி, நான் ஓடுறத பாக்க அவ ராத்திரியெல்லாம் தூங்காம வந்த மாதிரி. எனக்கு ஒரு நொடி தூக்கி வாரிப் போட்டுச்சு, திரும்பி வேற கூட பாத்தேன், அவன் வந்துட்டானோன்னு. அப்புறம் புரிஞ்சுது, பிப்ப படிச்சிருக்கா. கைய தூக்கிக் காட்டினேன். அந்த பக்கம் மொத்தமும் அதே பேர பிடிச்சுக்கிச்சு. சொன்னேன்ல, கத்துறதுக்கு தோதான பேர்.

அடுத்த கிலோமீட்டர் வாட்ச்ச பாத்தா வழக்கத்த விட 20 நொடி வேகம். மூச்சு வாங்கவே இல்ல. இதெல்லாம் வெறும் உணர்ச்சின்னு தள்ளிட முடியாது. 1898லயே நார்மன் டிரிப்லெட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சைக்கிள் பந்தய நேரங்கள எடுத்து வச்சு பாத்து, தனியா ஓட்டுறத விட இன்னொருத்தர் கூட ஓட்டுறப்ப வேகம் கூடுதுன்னு எழுதியிருக்கார், அப்புறம் சின்ன பசங்கள கூப்பிட்டு மீன்பிடிக்கிற ராட்டைய சுத்த விட்டு வேற சோதிச்சிருக்கார். கென்யாவோட மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவ எடுத்துக்கோங்க. 2017ல இத்தாலில மோன்சா கார் பந்தய தளத்துல, பெருசா கூட்டம் இல்லாத ட்ராக்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாரத்தான முடிக்கப் பாத்தார், 2:00:25. ரெண்டு வருஷம் கழிச்சு வியன்னாவுல ரோட்டோரம் ஜனங்க நின்னு கத்துற மாதிரி ஏற்பாடு பண்ணி ஓடினார், 1:59:40. கூட்டம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல, ஷூவும் மாறிச்சு, முன்னாடி ஓடினவங்க அணிவகுப்பும் மாறிச்சு. ஆனா அவ்ளோ கணக்கு போட்டவங்க அடுத்த தடவ கூட்டத்தயும் கணக்குல சேத்துக்கிட்டாங்க இல்லையா.

எனக்கு உறுத்தின கேள்வி வேற. கிப்சோகேவ பாத்து கத்தினவங்களுக்கு அவர் கிப்சோகேன்னு தெரியும். என்ன பாத்து கத்தினவங்களுக்கு நான் யார்னு தெரியாது, அவங்க கத்தின பேர் என்னோடதும் இல்ல, அப்புறம் எப்படி என் கால் கேட்டுச்சு? 5ல கேட்டுச்சு, 7ல கேட்டுச்சு. மேம்பாலத்துக்கு அடில போறப்ப எல்லாரும் ஓன்னு கத்தி எதிரொலிய கேக்குறது ஒரு வழக்கம், அந்த கூச்சல்ல கூட யாரோ அந்த பேர சொன்னாங்க, கேட்டுச்சு. 8 கிட்ட எதிர்ப்பக்க ரோட்டுல முன்னணி ஆளுங்க வந்தாங்க, கிட்டத்தட்ட முடிக்கப் போறாங்க, முன்னாடி வண்டி, பின்னாடி நாலு பேர், கால் தரைல படுற மாதிரியே தெரியல. உலகத் தரம்னா எப்படின்னு யோசிச்சு பாருங்க, உகாண்டாவோட ஜேக்கப் கிப்லிமோ 2021ல லிஸ்பன்ல ஹாஃப் மாரத்தான 57:31க்கு முடிச்சார், கிலோமீட்டருக்கு 2:44 கூட இல்ல. அந்த வேகத்துல நான் 400 மீட்டர் ஓடினா என்ன தூக்கிட்டு தான் போகணும். அவங்களுக்கு நாங்க கைதட்டினோம், ஓடிக்கிட்டே. அதுல ஒருத்தர் எங்க பக்கம் பாத்து கட்டைவிரல காட்டினார்.

10 தாண்டினப்ப ரெண்டு மணி நேர கொடி வச்ச பேசர் (அந்த நேரத்துல முடிக்கிற மாதிரி ஒரே வேகத்துல ஓடி வழி காட்டுறவர்) பக்கத்துல வந்துட்டேன். அந்த கொடிய சுத்தி எப்பவும் ஈ மொச்ச மாதிரி கூட்டம். 1:59க்கும் 2:01க்கும் உடம்புக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, மனசுக்கு தான் அது மலைக்கும் மடுவுக்கும். சுமார் ஒரு கோடி மாரத்தான் நேரங்கள வச்சு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மூணு மணி, மூணரை, நாலுன்னு முழு எண்ணுக்கு கொஞ்சம் முன்னாடி வந்து முடிக்கிறவங்க குவிஞ்சு கிடக்காங்கன்னு. நானும் அந்த குவியல்ல ஒருத்தன் தான். அன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடுவேன்னு 15ல எனக்கு சந்தேகமே இல்ல, எல்லாம் இந்த பேர் பண்ற வேலைன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே ஓடினேன்.

17வது கிலோமீட்டர்

எல்லா பெரிய நகர ரேஸ்லயும் இப்படி ஒரு இடம் இருக்கும். ஆபீஸ் கட்டடம் மட்டுமே இருக்க பகுதி. ஞாயித்துக்கிழமை காலைல அங்க யாரும் குடியிருக்கவும் மாட்டாங்க வேலைக்கு வரவும் மாட்டாங்க, கண்ணாடிச் சுவரு, மூடின கேட்டு, நிழல் கிடையாது. ட்ரம்ஸ் இல்ல, அட்டை இல்ல. அதுவரைக்கும் கூட்டத்து தோள்ல உக்காந்து வந்த மாதிரி வந்துட்டு திடீர்னு இறக்கி விட்ட மாதிரி இருக்கும். காலி தண்ணி கப்ப மிதிக்கிற சத்தமும் அடுத்தவன் மூச்சும் தான். 16ல இருந்தே என் தொடை கனக்க ஆரம்பிச்சிடுச்சு, மொதல்ல வேகமா போனதுக்கு வட்டி.

எனக்கு பத்தடி முன்னாடி ஒருத்தர் போயிக்கிட்டிருந்தார், நல்ல உயரம், சாம்பல் நிற பனியன். அவர் நேரா போகலைங்கறத கொஞ்ச நேரமாவே கவனிச்சேன், வலது பக்கம் இழுத்துக்கிட்டே போறார், திரும்ப நடுவுக்கு வர்றார். களைச்சவங்க ஓட்டம் இல்ல அது. நடைபாதை கல்லுல போய் உக்காந்தார், அப்படியே சாஞ்சுட்டார். நானும் இன்னும் ரெண்டு பேரும் நின்னோம். கூட ஓடின ஒரு அம்மா அவர் தலைய மடில தாங்கிக்கிட்டாங்க. கண்ணு திறந்திருக்கு, ஆனா கேக்குறதுக்கு பதில் சம்பந்தமில்லாம வருது, வேர்வை ஆறா ஓடுது, கை நடுங்குது. நான் தண்ணி கப்ப நீட்டினேன், அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும். தன்னார்வலர் பையன் ஒருத்தன் வாக்கி டாக்கில கத்தினான், சைக்கிள்ல ஒரு மருத்துவப் பொண்ணு வந்து இறங்கினா. ஒரு வேள அவ வர ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும், எங்களுக்கு இருவது நிமிஷம் மாதிரி.

அவ மொதல்ல பண்ணினது நாடி பிடிச்சு பாக்குறது இல்ல. பிப்போட கீழ் ரெண்டு ஊக்கையும் ஒரே இழுப்புல கழட்டி, காகிதத்த மேல தூக்கி திருப்பினா. பின்பக்கம் நீல பேனால எழுதியிருந்துச்சு. சத்தமா படிச்சா: சர்க்கரை நோய், இன்சுலின் எடுக்குறார், ஒரு போன் நம்பர். அவ்ளோ தான், அதுக்கப்புறம் அவ கை யோசிக்கவே இல்ல. விரல்ல ஒரு குத்து, மெஷின்ல பாத்தா, சர்க்கரை அதலபாதாளத்துல, அவருக்கு விழுங்க முடியுதான்னு பாத்துட்டு பைல இருந்து குளுக்கோஸ் ஜெல்ல எடுத்து கொஞ்சம் கொஞ்சமா வாய்ல விட்டா. நான் தண்ணி குடுத்துக்கிட்டு நின்னிருந்தா அவர் எங்க போயிருப்பாரோ. கொஞ்ச நேரத்துல அவர் முகத்துல ஆள் திரும்பி வந்தார். வேற வார்த்தை தெரியல, உள்ள யாரோ வந்து விளக்கு போட்ட மாதிரி இருந்துச்சு. மொதல்ல கேட்டது "என் டைம் என்ன"ன்னு. எல்லாரும் சிரிச்சுட்டோம்.

அவ எழுந்து கைய துடைச்சுக்கிட்டு என்ன பாத்தா, என் முகமும் வெளுத்து தான் இருந்திருக்கும். பிப்ப பாத்து அந்த மூணெழுத்து பேர சொல்லி, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னா.

இல்லைன்னு சொல்லிட்டு நடந்தேன். ஒரு அம்பது அடி போயிருப்பேன், நின்னு என் பிப்ப தூக்கி தலைகீழா படிச்சேன். அதுவரைக்கும் அத திருப்பிப் பாக்கணும்னு எனக்கு தோணினதே இல்ல. அவன் ஒழுங்கான ஆளு, கவர் வந்த அன்னைக்கே எல்லாத்தையும் அழகா எழுதி வச்சிருக்கான். அவன் ரத்த வகை, என்னோடது இல்ல. அவசரத்துக்கு கூப்பிட அவன் பொண்டாட்டி நம்பர். மருந்து அலர்ஜி: இல்லை. எனக்கு இருக்கு. வலிக்கு சாதாரணமா போடுற ஒரு ஊசி எனக்கு ஒத்துக்காது, ஒரு தடவ போட்டு முகம் வீங்கி மூச்சு அடைச்சு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரில கிடந்திருக்கேன். அந்த கல்லுல உக்காந்தது நானா இருந்திருந்தா, அந்த பொண்ணு இதே வேகத்துல ஊக்க கழட்டி, இதே நம்பிக்கையோட "அலர்ஜி இல்லை"ன்னு சத்தமா படிச்சிருப்பா. அப்புறம் யாரோ போன் பண்ணி, உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்னு சொல்லியிருப்பாங்க. அவன் பொண்டாட்டி பக்கத்துல சோபால கால தூக்கி வச்சுக்கிட்டு டிவி பாத்துட்டிருக்க புருஷன திரும்பிப் பாத்திருப்பா. இத நினைச்சு சிரிப்பும் வந்துச்சு, முதுகு சில்லுன்னும் ஆச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல.

முன்பக்கத்து பொய் எனக்கு 16 கிலோமீட்டர் ஓசில பெட்ரோல் போட்டிருக்கு. அதே காகிதத்தோட பின்பக்கத்து பொய்ய பாத்தப்புறம் ஒரு கிலோமீட்டர் ஓட முடியல. வெயில் ஏறிடுச்சு, தொடை இழுக்குது, ஒவ்வொரு தடவ இதயம் வேகமா அடிக்கிறப்பயும் இது சாதாரண அடி தானான்னு ஒரு சந்தேகம். 18ல தண்ணி மேஜைல ஒரு பையன்கிட்ட பேனா இருக்கான்னு கேட்டேன். கொடுத்தான். முன்கைல அந்த மருந்து பேர எழுதிப் பாத்தேன், வேர்வைல பேனா வழுக்குது, ரெண்டெழுத்து பிடிச்சுது, மீதி கோடா போச்சு. பையன் என்ன விநோதமா பாத்தான், அப்புறம் பிப்ப பாத்து அந்த பேர சொல்லி "சூப்பர், வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம் தான்"ன்னான்.

97.5 மீட்டர்

20ல இருந்து கூட்டம் திரும்ப வந்துடுச்சு. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நாலு வரிசை. பேர் திரும்ப ஆரம்பிச்சுது, இப்ப ஒவ்வொரு தடவையும் யாரோ தப்பான வீட்டு கதவ தட்டுற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு முடிவு எடுத்திருந்தேன். கடைசி மேட்ட தாண்டக் கூடாது. தாண்டினா அவன் பேர்ல ஒரு நேரம் பதிவாகும், அவன் வயசுப் பிரிவுல யாரோ ஒருத்தர் ஒரு இடம் கீழ போவார், அவன் ஓடாத ரேஸுக்கு அவன் கழுத்துல மெடல். 21ன்னு எழுதின பலகை வந்தா ஓரமா ஒதுங்கி வெளிய போயிடணும். பலகைக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்குறது வெறும் 97.5 மீட்டர். என் வாட்ச் கணக்குல நான் அதுக்கு முன்னாடியே ஹாஃப் மாரத்தான முடிச்சிட்டேன், 21.3 காட்டுது. அளக்குறவங்க ஒவ்வொரு வளைவுலயும் குறுக்கு வழிய ஒட்டி சைக்கிள்ல அளப்பாங்க, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேத்து வேற வைப்பாங்க, தப்பித் தவறி தூரம் குறைஞ்சிடக் கூடாதுன்னு. நாம வளைஞ்சு நெளிஞ்சு ஓடுறோம். அதனால தூரத்த பொறுத்தவரைக்கும் என் மனசாட்சிக்கு ஒரு குறையும் இல்ல.

ரோசி ரூயிஸ் கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். 1980 பாஸ்டன் மாரத்தான், பெண்கள்ல முதலாவதா வந்தாங்கன்னு மாலை போட்டாங்க, அப்புறம் பாத்தா கடைசி ஒரு கிலோமீட்டருக்குள்ள கூட்டத்துக்குள்ள இருந்து ரோட்டுக்கு குதிச்சு ஓடினத பாத்த சாட்சிங்க வந்தாங்க, பட்டம் கனடாவோட ஜாக்குலின் காரோவுக்கு போச்சு. பிப் அவங்க சொந்த பேர்ல தான், ஓட்டம் தான் அவங்களோடது இல்ல. எனக்கு நேர் தலைகீழ், ஓட்டம் என்னோடது, பிப் இல்ல. அவங்க கூட்டத்துல இருந்து ரோட்டுக்கு வந்தாங்க, நான் ரோட்டுல இருந்து கூட்டத்துக்குள்ள போகப் பாத்தேன். ரொம்ப கவுரவமான திட்டம்னு 20.5ல தோணுச்சு.

பலகைக்கு பக்கத்துல போய் நின்னேன். நடந்தது என்னன்னா, கூட்டம் மொத்தமும் நான் கடைசி நூறு மீட்டர்ல கைவிடப் போறேன்னு நினைச்சிடுச்சு. அதுவரைக்கும் சிதறி சிதறி கேட்ட அந்த மூணெழுத்து ஒரே குரலா ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும். தாளம் போட்டு. கம்பிய பிடிச்சுக்கிட்டு நான் வெளிய போக இடம் தேடுறேன், உள்ள இருந்து ஒரு பெரியவர் என் கைய கம்பில இருந்து எடுத்து விடுறார், அன்பா தான், "இவ்ளோ தூரம் வந்துட்டு விடக் கூடாதுப்பா"ங்குறார். நான் அவர்கிட்ட "இது என் பேர் இல்லைங்க"ன்னேன். நெசமா சொன்னேன். அவருக்கு கேக்கல, இல்ல கேட்டு புத்தி தடுமாறுதுன்னு நினைச்சாரோ என்னமோ, இன்னும் பலமா கத்த ஆரம்பிச்சார். ஒரு தன்னார்வலர் பொண்ணு, பள்ளிக்கூடம் படிக்கிற வயசு இருக்கும், ஓடி வந்து முழங்கைய பிடிச்சுக்கிட்டா, "அண்ணா, அதோ தெரியுது பாருங்க, அவ்ளோ தான்". அவ கண்ணுல தண்ணி. எனக்காக. இல்ல அவனுக்காக. அவ கைய உதறிட்டு போற தைரியம் எனக்கு இல்ல. நேர்மையா இருக்குறதுக்கு அவ்ளோ பேர ஏமாத்த வேண்டியிருக்கும்னு நான் எதிர்பாக்கல.

தாண்டினேன். கீன்னு ஒரு சத்தம். 2:09ன்னு சொச்சம். மைக்ல அவன் பேர சொன்னாங்க.

அதுக்கப்புறம்

போன எடுத்து பாத்தா அவன்கிட்ட இருந்து வரிசையா மெசேஜ். 5, 10, 15, 20ன்னு ஒவ்வொரு மேட்டயும் தாண்டினப்ப அவன் போனுக்கு நேரம் போயிருக்கு, ஆபீஸ்ல நாலு பேர் வேற ஆப்ல அவன் பேர போட்டு பின்தொடர்ந்திருக்காங்க, காலங்காத்தாலயே அவனுக்கு வாழ்த்து குவிஞ்சிருக்கு. 15 வரைக்கும் பயங்கர சந்தோஷம், 20ல நேரம் சறுக்கினத பாத்துட்டு அனுப்பியிருக்கான்: "டேய், 17 கிட்ட எனக்கு என்னடா ஆச்சு?"

நேர்ல போய் எல்லாத்தையும் சொன்னேன். மெடல மேஜைல வச்சேன், அவன் தொடல. அன்னைக்கு ராத்திரியே நடத்துறவங்களுக்கு ஒரு மெயில் போட்டேன், நடந்தது இது, ரிசல்ட்ட எடுத்துடுங்கன்னு, என் பேர், அவன் பேர் எல்லாம் சேத்து. அவன்கிட்ட கேட்டுட்டு தான் போட்டேன்னு சொல்ல ஆசை, கேக்கல. ஒரு வாரத்துல பதில் வந்துச்சு. ரிசல்ட்ட எடுத்துட்டாங்க, பிப் யார் பேர்ல இருக்கோ அவங்க தான் பொறுப்புன்னு அவனுக்கு ஒரு வருஷம் தடை. எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கணக்குப்படி நான் அங்க வரவே இல்லையே. என் மனசு சுத்தமாகுறதுக்கு அவன் தலைல தண்ணி ஊத்தின மாதிரி ஆச்சு. ரெண்டு மாசம் அவன் என்கூட சரியா பேசல. பேசாம விட்டிருக்கலாமோன்னு இப்பவும் சில ராத்திரி தோணும், உடனே அந்த பொண்ணு ஊக்க கழட்டின வேகம் ஞாபகம் வரும்.

இந்த வருஷம் சொந்த பேர்ல பதிவு பண்ணினேன். பிப் வந்த அன்னைக்கே பின்பக்கத்த அழியாத மார்க்கர்ல நிரப்பினேன், மருந்து பேர மட்டும் ரெண்டு தடவ. முன்பக்கத்துல தான் கூத்து. எங்கப்பா வச்ச பேர் நீளம், அச்சடிக்கிற கட்டத்துல முழுசா பிடிக்கல, பாதில வெட்டி, ஒத்தைக் கால்ல நிக்குற மாதிரி ஒரு மெய்யெழுத்தோட முடிச்சிருந்தாங்க. 21 கிலோமீட்டர்ல ஒருத்தராவது படிப்பாங்கன்னு பாத்தேன். அந்த பெரிய சந்திப்புல ஒரு அம்மா ஆர்வமா வாய திறந்து, பிப்ப உத்துப் பாத்து, முயற்சிய கைவிட்டு, "பச்சை பனியன், ஓடு ஓடு"ன்னாங்க. வேகம் ஒண்ணும் கூடல. இயர்போன் இந்த தடவயும் கொண்டு போகல, அது வேணும்னே.

17ல அதே ஆபீஸ் பகுதி, அதே கண்ணாடிச் சுவரு, ஈ காக்கா இல்ல. அந்த நடைபாதை கல்லு மேல ஒரே ஒரு ஆளு உக்காந்திருந்தான். பக்கத்துல வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்த ஒரு பாத்திரம், கைல கரண்டி. என்ன பாத்ததும் எழுந்து நின்னு, பாத்திரத்த ஓங்கி ஓங்கி தட்டிக்கிட்டு, தொண்டை கிழிய அவனோட சொந்த பேரையே சொல்லி கத்தினான்.

நான் கைய தூக்கினேன்.